துண்டுக்கடியில் பிடித்த கை

என் புருஷன் இறந்துபோயிருந்தால் பேங்கில் என் வேலை சுலபமாக முடிந்திருக்கும். இதை நானாகச் சொல்லவில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி சொன்னார். அக்கா என்பது போல இத்தா போட்டு மரியாதையாகத்தான் சொன்னார். "இத்தா, மரண சர்டிபிகேட் இருந்தா நாமினிக்குப் பணத்தை மாத்திக் கொடுத்துடலாம். ஆள் இருக்கும்போது ஆளோட கையெழுத்து வேணும்."

"ஆள் ஐசியுவில இருக்காரு. தொண்டையில ஓட்டை போட்டுக் குழாய் வெச்சிருக்காங்க. கட்டிலோட தூக்கிட்டு வரவா? உங்க படிக்கட்டு அகலம் போதுமா?" என்று கேட்டேன்.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் வெளியே வந்து செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு படி இறங்கினேன். செத்தவருடைய பெண்டாட்டிக்கு ஒரு வழி இருக்கிறது. உயிரோடு படுத்துக் கிடப்பவருடைய பெண்டாட்டிக்கு வழி இல்லையா? இருபத்தைந்து வருஷம் சோறு போட்டவள், துணி துவைத்தவள், நான் யாருமே இல்லையா?

வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஐசியு வாசல் பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப் பேருக்கு இதே கதை. எல்லோரும் என்னிடம் கேட்டார்கள், எல்லோருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. எழுதி வைத்தால் யாராவது வாசித்துக்கொள்ளட்டும். என் மகள் நஸ்ரினுக்கு மலையாளம்தான் ஓட்டமாக வரும், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அவளுக்கு நானே வாசித்துக் காட்டுவேன்.

என் பெயர் ரஹ்மத்து. கொச்சி மட்டாஞ்சேரியில், கொச்சங்காடியில் வீடு. கீழே சரக்கு வைக்கிற கிடங்கு, மேலே நாங்கள். கிடங்கும் வீடும் என் மாமனார் வாங்கியது. இப்போது என் புருஷன் சாகுல் பெயரிலும் அவருடைய தம்பி காதர் பெயரிலும் சேர்ந்து இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து நான் என் புருஷனை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் ராவுத்தர் வீடுகளில் அப்படித்தான்.

மச்சான் மிளகு, சுக்குத் தரகர். தரகர் என்றால் என்ன வேலை என்று பஜாருக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. விற்கிறவர் சார்பில் தரகர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தால் ஒரு கணக்கு. பக்கத்தில் நூறு பேர் நின்றாலும் ஒருவருக்கும் தெரியாது. பிடித்த விரலை விடாமல் அழுத்தினால் சம்மதம், கையை உருவிக்கொண்டால் முடியாது என்று அர்த்தம். சாட்சி கிடையாது, காகிதம் கிடையாது. ஆனாலும் துண்டுக்கடியில் அழுத்திய விலையை 'நான் அழுத்தவில்லை' என்று மறுத்தவன் அதன் பிறகு பஜாரில் தலைகாட்ட முடியாது. இப்போது எல்லாம் போனில் வந்துவிட்டது. ஆனால் மச்சானும் அவர் வயதுக்காரர்கள் நாலைந்து பேரும் துண்டை விடவில்லை.

வீட்டிலும் இந்தக் கூத்து உண்டு. பெருநாளுக்குப் புடவை எடுக்க வேண்டும் என்று நான் சொன்னால், தோளில் கிடக்கிற துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, "பேசு" என்பார். நான் நாலு விரலைப் பிடிப்பேன். சட்டென்று கையை உருவிக்கொள்வார். மூன்றுக்கு இறங்குவேன். முகத்தைச் சுளிப்பார். நஸ்ரின் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அன்றைக்கு அவர் மயங்கி விழுந்ததும் துண்டுக்கடியில் கை இருக்கும்போதுதான். சுக்கு வாங்க வந்த ஒரு வியாபாரியோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டே, தங்கச்சியிடம் சொல்வது போல என்னிடம் சொன்னார்: "என் ரெண்டு விரலையும் பிடிச்சவர் விடவே இல்ல பெங்ஙளே. விலையில பிடிவாதமா நிக்கிறாருன்னு நினைச்சேன். ஒரு நிமிஷம் நானும் விட்டுக்கொடுக்காம நின்னேன். அப்புறம்தான் மூஞ்சியப் பார்த்தேன்." வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்ததாம். மூட்டை சுமக்கிற சுமட்டுத் தொழிலாளிகள்தான் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போட்டார்கள்.

பிரஷர் மாத்திரை கசக்கிறது என்று ஜன்னல் வழியாக எறிகிற மனிதர் அவர். அதை எனக்குத் தெரியாமல் எறிந்தார் என்று டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் ஒன்றும் திட்டவில்லை. தலையை ஸ்கேன் எடுத்த படத்தைக் காட்டி, நெற்றிக்குப் பின்னால் வெள்ளையாகத் தெரிந்த இடத்தைத் தொட்டார். மூளையின் முன்பகுதியில் ரத்தக் குழாய் வெடித்து ரத்தம் கட்டியிருக்கிறது, மூளை வீங்குகிறது, வீங்க இடம் வேண்டும், அதனால் மண்டை ஓட்டில் ஒரு துண்டைத் தற்காலிகமாக எடுக்க வேண்டும் என்றார். "எடுத்த எலும்பு?" என்று கேட்டேன். பத்திரமாக வைத்துப் பிறகு திருப்பி வைப்பார்களாம். படச்சவனே, மனுஷனைத் தேங்காய் மாதிரி உடைத்து மூடுகிறார்கள் என்று நினைத்தேன். அதற்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட மட்டும் நான் போதும் என்றார்கள். தலையை அறுக்க என் கையெழுத்து செல்லும், அறுத்த கூலியைக் கொடுக்க அவர் பணத்தை எடுக்கச் செல்லாது. இது எந்த ஊர் நியாயம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஐசியுவில் தினமும் மார்க் போடுவார்கள். கண்ணைத் திறக்கிறாரா, குரல் வருகிறதா, சொன்னால் கை கால் அசைக்கிறாரா. மூன்றுக்கும் தனித்தனி மார்க். பள்ளிக்கூடத்தில் மச்சான் வாங்கியதைவிடக் கம்மியாக வந்தது. நானும் நஸ்ரினும் வாசலில் உட்கார்ந்திருப்போம். கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் பெஞ்சில் இருக்கிற எல்லோரும் எழுந்து நிற்போம். யாரைக் கூப்பிடுகிறார்களோ அவர்கள் முகம் வெளுத்துவிடும். மற்றவர்கள் உட்கார்ந்துவிடுவோம்.

நல்லவர்களையும் சொல்ல வேண்டும். எங்கள் எதிர்வீட்டு குஜராத்தி அக்கா ஒரு நாள்கூடத் தவறாமல் ரொட்டியும் உருளைக்கிழங்கும் கொடுத்துவிட்டார். ரத்தம் வேண்டும் என்றபோது சுமட்டுத் தொழிலாளிகள் ஒரு கூட்டமாக வந்து, யார் முதலில் கொடுப்பது என்று நர்ஸிடம் சண்டை போட்டார்கள். காதர்? காதரும் வந்தான். முதல் வாரம் முழுக்கப் பணம் கட்டியவன் அவன்தான், அதை நான் மறைக்க மாட்டேன். அண்ணன் என்றால் அவனுக்கு உயிர். பிறகு நடந்ததைப் படிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

கொஞ்ச நாளில் மச்சான் கண்ணைத் திறந்தார். நான் ஓடிப்போய்க் கட்டிலருகே குனிந்தேன். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தது. டாக்டர் அதையும் எளிதாகச் சொன்னார்: தூக்கம், விழிப்பு என்கிற சுழற்சி திரும்பி வந்திருக்கிறது, அறிவு திரும்பி வரவில்லை. பகலில் கண் திறக்கும், இரவில் மூடும். அதை வைத்து விழித்துவிட்டார் என்று நினைக்கக் கூடாது.

நான் நினைத்தேன். ஏன் நினைக்கக் கூடாது?

சாதாரண வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு நாள் பகலில், வீட்டிலிருந்து அவருடைய துண்டை எடுத்துக்கொண்டு போனேன். துவைக்காத துண்டு, சுக்கு வாசனை அப்படியே இருந்தது. அவர் கைமேல் போட்டேன். அடியில் என் கையை விட்டு, "மச்சான், பேசுங்க" என்று சொல்லி இரண்டு விரலை உள்ளங்கையில் வைத்தேன். பிடித்தார்! இறுக்கிப் பிடித்தார். எனக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா தெரியவில்லை, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். நர்ஸ் ஓடி வந்தாள். நஸ்ரினுக்குப் போன், காதருக்குப் போன், குஜராத்தி அக்காவுக்குப் போன். சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்கச் செய்தி போய்விட்டது: சாகுல் தரகர் துண்டுக்கடியில் பொண்டாட்டி கையைப் பிடித்துவிட்டார்.

மறுநாள் டாக்டர் வந்தார். மச்சானுடைய உள்ளங்கையைத் தன் விரலால் லேசாகத் தேய்த்தார். பிடித்தார். மறுபடி தேய்த்தார். மறுபடி பிடித்தார். "இத்தா, பிறந்த குழந்தை உள்ளங்கையில விரலை வெச்சா பிடிக்கும் இல்லே? குழந்தை நம்மள அறிஞ்சுகிட்டா பிடிக்குது? வளர்ந்தா மூளையோட முன்பாகம் அதை அடக்கி வெக்கும். இவருக்கு அந்த பாகம்தான் அடிபட்டது. அதனால அது திரும்பி வந்திருக்கு. இது பேச்சு இல்ல, அனிச்சை."

"நீங்க அவரோட குடித்தனம் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டேன். வாய் தவறிவிட்டது. நஸ்ரின் என் கையைக் கிள்ளினாள்.

டாக்டர் சிரித்தார். நல்ல மனிதர். "இல்ல. அதனாலதான் சொல்றேன். பிடிக்கிறது பெரிசில்ல. விடுங்கன்னு சொன்னா விடணும். விட்டா என்னை விளிங்க, நான் ஓடி வர்றேன்."

எனக்கு அவர் பேச்சு பிடிக்கவில்லை. அவர் போனதும் மறுபடி துண்டைப் போட்டேன். பிடித்தார். எனக்கு அது போதும் என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் காதர் வீட்டுக்கு வந்தான். முகத்தில் வெளிச்சம். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னான். "அண்ணி, அண்ணன் சம்மதிச்சுட்டாரு."

"எதுக்கு?"

"குடோனைக் கொடுக்க. ஆலுவாக்காரர் கேட்டுக்கிட்டே இருக்காருல்ல, ஹோட்டல் கட்ட. நான் தனியா அண்ணன்கிட்ட போனேன். துண்டைப் போட்டேன். விலையைச் சொல்லி விரலைக் கொடுத்தேன். அழுத்திப் பிடிச்சாரு அண்ணி! விடவே இல்ல. படச்சவன் சத்தியம்."

அந்த ஆலுவாக்காரர் நாலு வருஷமாகக் கேட்கிறார். மச்சான் நாலு வருஷமாக முடியாது என்கிறார். அந்தக் கிடங்கு போனால் மேலே வீடும் போகும். படுக்கையில் கிடக்கிறவரை எந்த வாடகை வீட்டு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவேன்?

"தம்பி, அவருக்கு சுயநினைவு இல்ல."

"நீங்கதானே அண்ணி சொன்னீங்க, கையைப் பிடிச்சாருன்னு? பஜார் முழுக்க சொன்னது நீங்கதானே? உங்க கையைப் பிடிச்சா அது பேச்சு, என் கையைப் பிடிச்சா சுயநினைவு இல்லையா?"

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. அவன் உண்மையாகவே நம்பினான். ஆலுவாக்காரரிடம் முன்பணமும் வாங்கிவிட்டான். துண்டுக்கடியில் அண்ணன் அழுத்திவிட்டார், இனி இல்லை என்று சொன்னால் அண்ணன் பெயர் கெட்டுப்போகும் என்று பயந்தான். பத்திரத்துக்கு அண்ணனுடைய கைரேகை போதும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மை டப்பா அவன் சட்டைப் பையில் இருந்தது.

"அந்த மையோட ஆஸ்பத்திரிப் படி ஏறினா காலை உடைச்சிடுவேன்" என்றேன். அப்படியே சொன்னேன். அதன் பிறகு நானும் நஸ்ரினும் மாறி மாறி வார்டிலேயே காவல் இருந்தோம். நர்ஸிடமும் சொல்லி வைத்தேன். தினமும் காலையில் அவருடைய கட்டை விரலைத்தான், மை பட்டிருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன்.

குஜராத்தி அக்காதான் ஒரு வக்கீலிடம் அனுப்பினார். மட்டாஞ்சேரியிலிருந்து படகேறி எறணாகுளம் போனேன். வக்கீல் சின்ன வயதுப் பெண், என் நஸ்ரினைவிடப் பத்து வயது கூட இருக்கும். பொறுமையாகச் சொன்னாள். மனநலம் சரியில்லாதவருக்கும் சிறு பிள்ளைக்கும் காப்பாளர் வைக்கத் தனிச் சட்டம் உண்டு, இப்படி நினைவில்லாமல் கிடப்பவருக்கு நேராக ஒரு சட்டம் இல்லை. அதனால் ஹைகோர்ட்டில் மனுப் போட வேண்டும். கோர்ட் டாக்டர்கள் குழுவை அனுப்பிப் பார்க்கச் சொல்லும். தாசில்தார் வீட்டுக்கு வந்து, சொல்வது உண்மைதானா, உள்ளே ஏதாவது சுயநலம் இருக்கிறதா என்று விசாரிப்பார். இரண்டு அறிக்கையும் சரியாக இருந்தால் என்னை அவருக்குக் காப்பாளராக நியமிப்பார்கள். அதன் பிறகு அவர் பணத்தை அவருக்காக எடுக்கலாம், செலவுக் கணக்கைக் கோர்ட்டில் காட்ட வேண்டும். சொத்தைக் கோர்ட்டைக் கேட்காமல் யாரும் தொட முடியாது, நானும் தொட முடியாது.

"நானும் தொட முடியாதுங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. போடுங்க மனுவ" என்றேன்.

"வாரிசுகளோட சம்மதம் வேணும் இத்தா. நீங்க, மகள், பின்னே அவரோட அனியன்."

"காதரா? அவன் எங்கே வந்தான்?"

"மகன் இல்லல்லோ. உங்க சட்டப்படி சகோதரனுக்கும் பங்கு வரும்."

மனுஷன் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார், அதற்குள் பங்கா! மேஜையில் இருந்த தண்ணீரைக் குடித்துக் கோபத்தையும் விழுங்கினேன். காதர் சம்மதிக்காவிட்டாலும் மனுப் போடலாம், ஆனால் அவன் கோர்ட்டில் எதிர்ப்புச் சொல்வான், அண்ணனுக்கு நினைவு இருக்கிறது என்று சொல்வான் என்றாள். பிறகு மனுவை வாசித்துக் காட்டினாள். 'தன்னைச் சுற்றி நடப்பது எதையும் அறியும் நிலையில் இவர் இல்லை' என்று ஒரு வரி.

"இந்த வரிய எடுத்துடுங்க."

"அந்த வரிதான் இத்தா மனு."

"அவரு என் கையைப் பிடிக்கிறாரு."

வக்கீல் பேனாவை மூடி வைத்தாள். "இத்தா, அந்தப் பிடிக்கு அர்த்தம் இருக்குன்னு நீங்க சொன்னா, காதர் சொல்றதுக்கும் அர்த்தம் வந்திடும். வியாபாரம் நடந்திடும். அர்த்தம் இல்லைன்னு சொன்னாத்தான் வீடு நிக்கும். ரெண்டும் கூடி நடக்காது."

படகில் திரும்பும்போது முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதேன். எனக்குத் தாங்க முடியவில்லை. என் கையில் இருந்த ஒரே ஒரு நல்ல விஷயம் அந்தப் பிடி. அதை என் வாயாலேயே ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டுமாம். ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய் மச்சான் காதருகே குனிந்தேன். "மச்சான், நான் உங்களைப் பத்தி ஒரு பெரிய பேச்சு பேசப் போறேன். கேட்டாலும் கேட்காத மாதிரி இருங்க. வீட்டுக்காகத்தான்." மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர்கள் குழு வந்த அன்று கட்டிலைச் சுற்றி மூன்று டாக்டர்கள். உள்ளங்காலைச் சுரண்டிப் பார்த்தார்கள், கண்ணில் டார்ச் அடித்தார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். காதரும் வந்திருந்தான், தோளில் அண்ணனுடையது போலவே ஒரு துண்டு. "டாக்டர், நீங்க கேக்குற விதம் சரியில்ல. அண்ணன் தரகர். வாயால கேட்டா சொல்ல மாட்டாரு. துண்டுக்கடியில கேளுங்க" என்றான்.

டாக்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூத்தவர், "சரி, செய்ங்க" என்றார்.

காதர் துண்டைப் போட்டான். அடியில் கையை விட்டான். "அண்ணே, குடோன் விஷயம். முன்ன சொன்ன விலைதான். சம்மதமா?" அவன் குரல் உடைந்திருந்தது. துண்டு அசைந்தது. மச்சானுடைய முன்கை நரம்பு இறுகியதை எல்லோரும் பார்த்தோம். காதர் கண்ணீரோடு நிமிர்ந்தான். "பாருங்க! பாருங்க டாக்டர்! விட மாட்டேங்குறாரு!"

அவன் அழுததைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. அவனும் என்னைப் போலத்தான், ஒரு பிடியில் தொங்கிக்கொண்டிருந்தான். ஆனால் வீடு? நஸ்ரின்? படுத்திருக்கிற இந்த மனுஷன்?

மேஜையில் சீப்பு இருந்தது. காலையில் அவருக்குத் தலை வாரிவிட்ட சீப்பு. எடுத்தேன். "தள்ளு தம்பி" என்று சொல்லி, அவன் விரல்களை மச்சான் பிடியிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்தேன். அதே துண்டுக்கடியில் சீப்பை வைத்தேன். மச்சான் அதையும் பிடித்தார், இறுக்கி, விடாமல். நான் துண்டை எடுத்துவிட்டேன். எல்லோரும் பார்க்கட்டும் என்று எடுத்துவிட்டேன்.

"இந்தா பாரு காதரு. உங்க அண்ணன் குடோனை இந்தச் சீப்புக்கும் வித்துட்டாரு. எந்த விலைக்குன்னு கேட்டுச் சொல்லு."

காதர் அந்தச் சீப்பையே பார்த்தான். மூத்த டாக்டர் மெதுவாக என்னிடம், "நிங்ஙளுக்கு இது நேரத்தே அறியாமோ?" என்று கேட்டார். முன்பே தெரியுமா என்று.

"தெரியும். எங்க டாக்டர் சொன்னாரு. நான்தான் நம்ப மாட்டேன்னு இருந்தேன். அவருக்கு ஒண்ணும் தெரியல டாக்டர். என்னையும் தெரியல. எழுதிக்குங்க."

சொல்லிவிட்டேன். வாசலைத் தாண்டிப் போய் நின்றேன். நஸ்ரின் பின்னால் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "உம்மா, மதி, மதி" என்றாள். போதும் என்று.

காதர் வெளியே வரும்போது அவனுடைய துண்டு அவன் கையில் சுருண்டிருந்தது. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். "எனக்கு அண்ணன் பதில் சொன்னாருன்னு இருந்துச்சு அண்ணி" என்றான்.

"எனக்கும்தான்" என்றேன்.

அந்த வாரமே வக்கீலிடம் போய்ச் சம்மதத்தில் கையெழுத்துப் போட்டான். ஆலுவாக்காரரிடம் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பஜாரில் நாலு பேர் முன்னால், அண்ணன் அழுத்தவில்லை, நான்தான் தப்பாக எடுத்துக்கொண்டேன் என்றும் சொன்னான். எங்கள் ஊரில் ஒரு ஆம்பிளைக்கு அது சின்ன விஷயம் இல்லை. தாசில்தார் வீட்டுக்கு வந்தபோது சாயா போட்டுக் கொடுத்ததும் அவன்தான். கோர்ட் உத்தரவு வந்தது. அதை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனேன். அதே அதிகாரி. "இப்ப நான் யாரு சார்?" என்று கேட்டேன். "இரிக்கு இத்தா" என்று நாற்காலி போட்டார். அவர் பணத்தில் அவருக்கு வைத்தியம் நடந்தது. யாரிடமும் கை நீட்டவில்லை. எடுத்த எலும்பைத் திருப்பி வைத்தார்கள், தொண்டைக் குழாயை எடுத்து ஓட்டையை மூடினார்கள். எலும்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன், காட்டவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாதங்கள் ஆகின்றன. மேலே ஏற்ற முடியாது என்பதால் கீழே கிடங்கில் ஒரு பக்கம் தடுத்துக் கட்டில் போட்டிருக்கிறோம். சுக்கு மூட்டைக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார். மூக்குக் குழாயில் கஞ்சி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும், இல்லையென்றால் முதுகு புண்ணாகிவிடும். வருகிறவர்கள் எல்லாம், "எவ்வளவு நாள் இப்படி? படச்சவன் சீக்கிரம் கூப்பிட்டுக்கட்டும்" என்பார்கள். "உங்க வீட்டுல யாரையாவது கூப்பிடச் சொல்லுங்க முதல்ல" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அதன் பிறகு ஆட்கள் வருவது குறைந்துவிட்டது. காதர் மட்டும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தவறாமல் வருவான். அண்ணனுக்குக் கால் பிடித்துவிடுவான். கையைத் தொடமாட்டான்.

நான் தொடுவேன். அர்த்தம் இல்லை என்று டாக்டர்கள் முன்னால் சொன்னவள்தான், ஆனாலும் தினமும் துண்டைப் போடுவேன். கோர்ட்டுக்குச் சொன்னது கோர்ட்டோடு. வீட்டில் நான் யாருக்கும் பிரமாண வாக்குமூலம் கொடுக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை காதர் வந்திருந்தான். ஆலுவாக்காரர் மறுபடி ஆள் அனுப்பியதாகச் சொன்னான், விலையைக் கூட்டியிருக்கிறாராம். "கோர்ட்டைக் கேக்கணும்னு சொல்லிட்டேன் அண்ணி" என்றான். நான் சும்மா வேடிக்கைக்காக மச்சான் கைமேல் துண்டைப் போட்டேன். "கேட்டீங்களா மச்சான்? கூட்டித் தர்றானாம் ஆலுவாக்காரன். ஹோட்டல் வரப்போகுது. கொடுத்துடலாமா? பேசுங்க" என்று நாலு விரலை வைத்தேன்.

பிடித்தார், எப்போதும் போல. பிறகு பிடி தளர்ந்தது. தூங்குகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன், கண் திறந்திருந்தது. மறுபடி விரலை வைத்தேன். உள்ளங்கை மூடவில்லை. கட்டை விரலால் என் விரல்களை ஓரமாகத் தள்ளினார். கை மெதுவாக, ரொம்ப மெதுவாக, துண்டுக்கு அடியிலிருந்து பின்னால் இழுத்துக்கொண்டது. துண்டு கட்டிலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

காதர் எழுந்து நின்றான். "அண்ணி" என்றான்.

நான் சீப்பை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தேன். அதையும் வேண்டாம் என்று விட்டார்.

டாக்டரைப் போனில் விளித்தேன். "விட்டாரா? பேச்சைக் கேட்டுட்டு விட்டாரா?" என்று மூன்று தடவை கேட்டார். வருகிறேன் என்றார். ரொம்ப ஆசைப்படாதீங்க, இது ஆரம்பம்தான், இன்னும் எத்தனையோ பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். சரி, சரி என்று கேட்டுக்கொண்டேன். பிறகு வக்கீலுக்குப் போட்டேன்.

"மோளே, அந்தக் கார்டியன் உத்தரவைத் திருப்பிக் கொடுக்க என்ன பண்ணணும்?"

"எந்து பற்றி, என்ன ஆச்சு இத்தா? அவசரப்படாதீங்க. அதுக்கு அவரே எல்லாம் அறியுற நிலைக்கு வரணும்."

"அவசரம் இல்ல. கேட்டு வெச்சுக்கிறேன்."